ஒரு நாள் தாமதம்

ஹாலிஸ் பெண்ட் மாநிலச் சிறை
11 மார்ச் 2014, செவ்வாய்

வெர்லீன் அக்கா,

மேல்முறையீட்டு நீதிமன்றமும் கையை விரித்துவிட்டது. மூன்று நீதிபதிகள் சேர்ந்து ஒன்றேகால் பக்கம் எழுதியிருக்கிறார்கள். தீர்ப்பு பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதியே வந்துவிட்டதாம், என் கைக்கு நேற்றுதான் வந்தது. சிறைத் தபால் அறையில் பத்து நாள் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டேன். கேட்டவனுக்குத்தான் கெட்ட பெயர்.

இனி மாநில உச்ச நீதிமன்றம் ஒன்றுதான் பாக்கி. முப்பது நாளுக்குள் 'எங்கள் வழக்கைக் கொஞ்சம் பாருங்கள்' என்று மனுப் போடலாம். பார்த்தே ஆக வேண்டும் என்று அவர்களுக்குக் கட்டாயம் கிடையாது. நூறு மனு போனால் மூன்றோ நாலோ எடுப்பார்களாம், மற்றவற்றை ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிறகு எதற்கு இந்தக் கூத்து? நேராக மத்திய நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது.

இங்கே நூலகத்தில் டிவிட் என்று ஒருவன் இருக்கிறான். என்னைவிட இரண்டு வயது சின்னவன், வாய் மட்டும் எட்டு ஊருக்கு நீளும், ஆனால் சட்டம் தெரிந்தவன். அவனிடம் கேட்டேன். "கிறுக்காடா நீ?" என்றான். "மாநிலத்துல இருக்கற படி எல்லாத்தையும் ஏறிட்டு வந்தாத்தான் மத்திய கோர்ட்டு கதவத் திறப்பான். ஒண்ணத் தாண்டிக் குதிச்சேன்னு வை, 'போய் அதையும் ஏறிட்டு வா'ம்பான். நீ திரும்பிப் போறதுக்குள்ள இங்க கெடு முடிஞ்சு போச்சும்பான். அங்கயும் இல்ல, இங்கயும் இல்லன்னு நிப்ப."

அதனால் போடத்தான் வேண்டும். எழுத ஆரம்பித்துவிட்டேன். விசாரணையில் என் வக்கீல் ஹார்கிரோவ், ஆலையில் என்னோடு இருந்த எல்வுட் கேட்ஸைச் சாட்சி சொல்லக் கூப்பிடவே இல்லை என்பதை எத்தனை விதமாக எழுதுவது? மூன்று வருஷமாக ஒரே வாக்கியத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முழங்கால் எப்படி இருக்கிறது?

ஆல்ட்டன்


கார்டர்ஸ் ஃபெரி
15 மார்ச், சனி

டேய் ஆல்ட்டன்,

முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. என்னைப் பற்றி விசாரிப்பதை நிறுத்திவிட்டு நான் சொல்வதைக் கேள்.

இந்த மனுவை நீ உன் கையால் எழுதி அனுப்பப் போவதில்லை. உன் முதல் மனுவைத் தள்ளிய நம் மாவட்டக் கவுண்டி நீதிபதி அடிக்குறிப்பில் என்ன எழுதினார் என்று உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. 'மனுதாரரின் கையெழுத்து பெரும்பகுதி படிக்க இயலாததாக உள்ளது.' படிக்க முடியவில்லையாம்! படிக்க முடியாததைத் தள்ளுபடி மட்டும் செய்ய முடிகிறது. அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. அந்த ஆள் ஒரு பூதக் கண்ணாடி வாங்கிக்கொள்ளக் கூடாதா?

பத்தொன்பது வருஷமாகப் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறேன். தலைமையாசிரியர் எழுதுகிற அபத்தத்தையே நான் அடித்துக் கொடுத்தால் கல்வித்துறை ஒப்புக்கொள்கிறது. உன் உயிர்ப் பிரச்சினையை நான் அழகாக அடித்துத் தர மாட்டேனா? எழுதியதை எனக்கு அனுப்பு. கடைசிப் பக்கத்துக்கு ஒரு வெற்றுத் தாளில் அடியில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. அடித்து, இங்கிருந்தே தலைநகருக்குத் தபாலில் சேர்த்துவிடுகிறேன். உங்கள் தபால் அறையில் இன்னொரு பத்து நாள் ஊறப்போட வேண்டாம்.

எல்வுட்டைப் போய்ப் பார்த்தேன். சர்க்கரை வியாதியில் ஒரு கால் விரல் போய்விட்டது. ஆனால் உன் பேரைச் சொன்னவுடனே மனுஷன் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வங்கியில் நோட்டரி முன்னால் உட்கார்ந்து பழைய வாக்குமூலத்தை மறுபடியும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். "கெளுத்தி மீன் ஆலையில அன்னைக்கு நேரம் பதியற மெஷின் ரிப்பேரு. அதனால ஒவ்வொருத்தன் வந்த நேரம், போன நேரம் எல்லாம் நானே நோட்டுல எழுதினேன். ஆல்ட்டன் டப்ஸ் ஆறு மணி வரைக்கும் என் கண்ணு முன்னால மீன் கிழிச்சுட்டிருந்தான். அந்தக் கடைக்காரரச் சுட்டது அஞ்சே முக்கால்ங்கறாங்க. ரெண்டு எடத்துல எப்படிம்மா இருப்பான் ஒரு மனுஷன்?" என்றார். நோட்டரிப் பெண் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இதைக் கேட்ட பிறகும் ஏன் உன் தம்பி உள்ளே இருக்கிறான் என்பதுபோல் ஒரு பார்வை.

கிளம்பும்போது, "கோர்ட்டுல என்னை எப்ப கூப்பிடுவாங்க?" என்று கேட்டார். சீக்கிரம் என்றேன்.

அனுப்பு, சீக்கிரம்.

வெர்லீன்


ஹாலிஸ் பெண்ட்
19 மார்ச், புதன்

அக்கா,

இத்துடன் முப்பத்தெட்டுப் பக்கம். கையெழுத்திட்ட வெற்றுத் தாள் அடியில் இருக்கிறது. ஒரு கார்பன் நகல் எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

கெடு முப்பதாம் தேதி முடிகிறது. அது ஞாயிறு என்பதால் மார்ச் முப்பத்தொன்று, திங்கட்கிழமை வரை அவகாசம். அன்றைக்குள் உச்ச நீதிமன்ற அலுவலகத்தில் அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

டிவிட் முணுமுணுக்கிறான். "இங்கயே எழுதி இங்கயே குடுத்துடறதுதான்டா நல்லது, அக்கா பொட்டலம் எல்லாம் எதுக்கு" என்கிறான். நான் காதில் வாங்கவில்லை. எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது அக்கா. ஒரு தடவையாவது ஒரு மனுஷன் அனுப்பிய காகிதம் மாதிரி அது அவர்கள் மேஜையில் போய் உட்காரட்டும்.

பதினேழாம் பக்கத்தில் 'அலட்சியம்' என்று எழுதியிருக்கிறேன், அதை மாற்ற வேண்டாம். மரியாதையாக எழுதுகிறேன் என்று நீ எதையாவது மழுப்பிவிடுவாய்.

ஆல்ட்டன்


கார்டர்ஸ் ஃபெரி
27 மார்ச், வியாழன்

தம்பி,

அனுப்பிவிட்டேன்!

இருபத்திரண்டு பக்கம். வரிக்கு வரி இடம் விட்டு, பக்க எண் போட்டு, எல்வுட்டின் வாக்குமூலத்தையும் நோட்டுப் பக்கத்தின் நகலையும் கடைசியில் சேர்த்திருக்கிறேன். செவ்வாய் அன்றே முடிந்துவிட்டது. முடித்த பிறகு வாசித்தால் ஐந்தாம் பக்கத்தில் ஒரு வார்த்தை இரண்டு முறை வந்திருந்தது, அதற்காக மறுபடியும் உட்கார்ந்தேன். அப்புறம் ஓரம் சரியில்லை. புதன் அன்று மேஜையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'அலட்சியம்' அப்படியே இருக்கிறது, பயப்படாதே.

இன்று காலை தபால் நிலையத்தில் ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் போட்டேன். கவுண்டரில் இருக்கிற அம்மாளிடம், "திங்கட்கிழமைக்குள்ள போயிருமா?" என்று மூன்று தடவை கேட்டேன். "சனிக்கிழமையே போயிரும்மா. மிஞ்சிப் போனா திங்கள். தலைநகரம் இங்க இருந்து மூணு மணி நேரந்தான, என்ன நிலாவுலயா இருக்கு?" என்று சிரித்தார்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான். எனக்கும் உனக்காக ஒன்று செய்ய முடிந்தது.

அக்கா


ஹாலிஸ் பெண்ட்
29 ஏப்ரல், செவ்வாய்

வெர்லீன்,

உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு வந்தது. 'மனு காலம் கடந்து வந்ததால் நிராகரிக்கப்படுகிறது.' அவ்வளவுதான். உன் இருபத்திரண்டு பக்கத்தை யாரும் படிக்கவில்லை. மேல் உறையில் முத்திரை குத்திய ஆள் மட்டும் தேதியைப் படித்திருக்கிறான். ஏப்ரல் ஒன்று, செவ்வாய். முட்டாள்கள் தினம்.

உனக்கு ஒரு விதி சொல்கிறேன், தெரிந்துகொள். சிறைக்குள் இருப்பவன் தன் மனுவைத் தன் கையால் சிறை அதிகாரியிடம் கொடுத்தால், கொடுத்த நாளே தாக்கல் செய்த நாள். அது நீதிமன்றத்துக்கு அடுத்த மாதம் போய்ச் சேர்ந்தாலும் செல்லும். ஏனென்றால் எங்களுக்குத் தபால் பெட்டி வரை நடந்து போகக்கூட வழி கிடையாது. ஆனால் வெளியில் இருக்கிற அக்கா அனுப்பினால் அந்தச் சலுகை இல்லை. அவள் எல்லோரையும்போல நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

என் கிறுக்கல் ஒரு நாளும் பிந்தியிருக்காது. உன் அழகான காகிதம் பிந்திவிட்டது.

செவ்வாய் அன்றே முடித்துவிட்டதாக எழுதியிருந்தாய். பிறகு எதற்கு வியாழன் வரை வைத்துக்கொண்டிருந்தாய்? ஓரம் சரியில்லையாமே.

ஆல்ட்டன்


கார்டர்ஸ் ஃபெரி
4 மே, ஞாயிறு

தம்பி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு உடனே தலைநகருக்குக் காரை எடுத்தேன்.

உச்ச நீதிமன்ற அலுவலகத்தில் ஒரு பெண் இருந்தாள், என் வயதுதான் இருக்கும். தபால் சீட்டைக் காட்டினேன். வியாழனே போட்டேன் என்றேன். அவள் கணினியில் பார்த்தாள். சனிக்கிழமை அந்த ஊர்த் தபால் கிடங்குக்கு வந்திருக்கிறது. திங்கள் முழுக்க அங்கேயே கிடந்திருக்கிறது. செவ்வாய் காலை ஒன்பதே காலுக்கு இவர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள்.

"ஒரு நாள்தானேம்மா. கொலை பண்ணாத பையன் உள்ள இருக்கான்" என்றேன்.

"எனக்குப் புரியுது. நான் முத்திரை குத்தறவ, அவ்வளவுதான். ஒரு நாள் பிந்தினாலும் ஒரு வருஷம் பிந்தினாலும் என்கிட்ட இருக்கறது ஒரே முத்திரை" என்றாள்.

"நீதிபதியப் பார்க்க முடியுமா?"

"யாரும் பார்க்க முடியாதும்மா."

"அவங்க உள்ள இருக்காங்களா?"

"இருக்காங்க. மேல." மேலே கையைக் காட்டினாள். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். திட்டலாம் என்றுதான் போனேன், அவளைத் திட்ட முடியவில்லை.

செவ்வாய் முடித்ததை ஏன் வியாழன் வரை வைத்திருந்தேன் என்று கேட்டிருக்கிறாய். நல்லதாக இருக்க வேண்டும் என்றுதான். வேறு காரணமே இல்லை. அந்த இரண்டு நாளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் என் கை விரல் பத்தையும் கொடுப்பேன். என்னை மன்னித்துவிடு ஆல்ட்டன்.

வெர்லீன்


கார்டர்ஸ் ஃபெரி
22 ஜூன்

தம்பி,

ஏழு வாரமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இரண்டு சனிக்கிழமை வந்தேன், இரண்டு தடவையும் 'பார்க்க விருப்பமில்லை' என்று சொல்லி அனுப்பிவிட்டாய். கண்காணிப்பு அறையில் இருந்த காவலர், "உள்ள அவனுக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ" என்று எனக்காகப் பொய் சொன்னார். அவருக்குத் தெரிந்த இரக்கம் உனக்குத் தெரியவில்லை.

ஞாயிறு பாடற்குழுவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். எல்லோரும் வந்து, "ஆல்ட்டன் கேஸு என்னாச்சு?" என்கிறார்கள். 'நான் ஒரு நாள் பிந்திவிட்டேன்' என்று எத்தனை பேரிடம் சொல்வது? சொன்னால், "பரவாயில்ல, கடவுள் பார்த்துப்பார்" என்கிறார்கள். அதைக் கேட்கும்போது இன்னும் எரிகிறது.

எல்வுட்டை முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். "எப்ப கூப்பிடுவாங்க?" என்றார். அவருக்காகவாவது எழுது.

அக்கா


ஹாலிஸ் பெண்ட்
9 செப்டம்பர் 2014

வெர்லீன்,

தகவலுக்காக எழுதுகிறேன். மத்திய நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்துவிட்டேன். கையால் எழுதி, நானே கொடுத்தேன். மாநில உச்ச நீதிமன்றப் படியைத் தவறவிட்டதற்குக் காரணம் சொல்லச் சொல்லி ஒரு பகுதி இருந்தது. 'மனுதாரரின் சகோதரி தாமதமாக அனுப்பினார்' என்று எழுதியிருக்கிறேன். அது உண்மைதானே.

சட்டத்தில் காரணம் என்பது எனக்கு வெளியிலிருந்து வந்த தடையாக இருக்க வேண்டுமாம். நீ வெளியில் இருக்கிறாய்.

சாப்பாட்டுப் பொட்டலம் அனுப்ப வேண்டாம். இங்கே கிடைக்கிறது.

ஆல்ட்டன்


கார்டர்ஸ் ஃபெரி
14 செப்டம்பர்

சரி. உன் கணக்கில் நான் தடை. இருந்துவிட்டுப் போகிறேன். அது உன்னை வெளியே கொண்டுவருமென்றால் என் பேரை ஆயிரம் தடவை எழுது, பெரிய எழுத்தில் எழுது.

பொட்டலம் அனுப்புவேன். வேண்டாமென்றால் பக்கத்து அறைக்காரனுக்குக் கொடு.

வெர்லீன்


ஹாலிஸ் பெண்ட்
3 ஜூன் 2015

அக்கா,

மாநில அரசு வக்கீலின் பதில் வந்திருக்கிறது. நாற்பத்தோரு பக்கம், தடித்த காகிதம். சொல்வது ஒன்றுதான்: ஆல்ட்டன் டப்ஸ் மாநிலத்தின் எல்லா வழிகளையும் முறையாகப் பயன்படுத்தி முடிக்கவில்லை, ஆகவே மத்திய நீதிமன்றம் கேட்கக் கூடாது.

அப்படியானால் திரும்பிப் போய் முடித்துவிட்டு வருகிறேன் என்று கவுண்டி நீதிமன்றத்துக்கு இன்னொரு மனு அனுப்பியிருந்தேன். போன வாரம் அதற்கும் பதில் வந்துவிட்டது. ஒருவருக்கு ஒரு மனுதானாம், நான் அதை ஏற்கெனவே போட்டுவிட்டேனாம். ஆக, இவர்கள் அங்கே போ என்கிறார்கள், அங்கே போனால் நீ வந்துவிட்டுப் போனவன் என்கிறார்கள். டிவிட் முதல் நாளே சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னதால் நான் நம்பவில்லை.

நாற்பத்தோரு பக்கத்தில் ஒரு இடத்தில்கூட 'அவன் அன்று மீன் ஆலையில் இல்லை' என்று எழுதவில்லை அக்கா. திரும்பத் திரும்பத் தேடினேன். அவர்களுக்கு அதை மறுக்கவே தேவைப்படவில்லை.

போன வருஷம் அந்த இரண்டு சனிக்கிழமையும் உன்னைத் திருப்பி அனுப்பியதற்கு வருந்துகிறேன். இந்த மாதம் வந்தால் பார்க்கிறேன்.

ஆல்ட்டன்


கார்டர்ஸ் ஃபெரி
8 நவம்பர் 2015

தம்பி,

போன சனிக்கிழமை நேரில் சொல்ல வாய் வரவில்லை. நீ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய், கெடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இயந்திரத்தில் வாங்கிய அந்தக் கேவலமான சாண்ட்விச்சை இரண்டு பேரும் பாதியாகப் பிய்த்துத் தின்றோமே, அந்த அரை மணி நேரம் எனக்குப் போதும்.

மத்திய நீதிபதிக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடமாட்டாய். இப்படி எழுதினேன்: 'ஐயா, என் தம்பி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தான். கெடுவுக்குப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே எழுதி முடித்துவிட்டான். அழகாக இருக்க வேண்டுமென்று இரண்டு நாள் வைத்துக்கொண்டு கெடுத்தவள் நான். தண்டனை யாருக்காவது தர வேண்டுமென்றால் எனக்குத் தாருங்கள். அவன் சொல்வதை மட்டும் ஒரு தடவை கேளுங்கள். எல்வுட் கேட்ஸ் என்பவரை ஒரே ஒரு தடவை கூப்பிட்டுக் கேளுங்கள். அவருக்கு வயதாகிறது.'

இப்போதெல்லாம் தட்டச்சுக்கு உட்கார்ந்தால் விரல் நடுங்குகிறது. பள்ளியில் வருகைப் பதிவேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இதை உன்னிடம் சொல்வது உன்னை வருத்தப்படுத்த அல்ல. யாரிடமாவது சொல்ல வேண்டும்.

அந்தக் கிடங்கில் திங்கட்கிழமை முழுக்க அந்த உறை கிடந்ததே, அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வாரா வாரம் ஒரு திங்கட்கிழமை வந்து தொலைக்கிறது.

அக்கா


ஹாலிஸ் பெண்ட்
23 பிப்ரவரி 2016, செவ்வாய்

அக்கா,

மத்திய நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது. பதினாறு பக்கம். மேற்கொண்டு மேல்முறையீட்டுக்கு அனுமதியும் கிடையாது என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். கேட்டுப் பார்க்கலாம், கேட்கிறேன். நம்பிக்கை வைக்காதே.

ஒன்பதாம் பக்கத்தை உனக்காக எழுதுகிறேன். எல்வுட்டின் வாக்குமூலத்தை நம்பினால் இந்தத் தீர்ப்பு கவலை தரக்கூடியதுதான் என்று நீதிபதி சொல்கிறார். ஆனால் அந்த நோட்டு வழக்கு நடந்தபோதே இருந்தது, ஆகவே அது புதிய சாட்சியம் அல்ல. வக்கீல் அதை அன்று எடுக்காததால்தான் நான் இங்கே வந்தேன். அன்றே இருந்தது என்பதால் இன்று எடுக்க முடியாது. இதைப் படித்துவிட்டு டிவிட் காகிதத்தை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

பன்னிரண்டாம் பக்கம்: 'சிறையில் இருப்பவர் தன் மனுவை அனுப்பும் பொறுப்பை வெளியாள் கையில் ஒப்படைத்தால், அந்த ஆளின் தவறு அவருடைய தவறே.' அதற்கு ஒரு அடிக்குறிப்பு. 'மனுதாரரின் சகோதரியிடமிருந்து ஒரு கடிதம் வந்துள்ளது. அவர் இவ்வழக்கில் தரப்பினர் அல்லர். அது திருப்பி அனுப்பப்படுகிறது.' வந்து சேர்ந்திருக்கும் உனக்கு.

அந்த அடிக்குறிப்பைப் படித்ததிலிருந்து நான்கு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இதையும் கிழித்தால் இனி எழுதவே மாட்டேன்.

மார்ச் முப்பத்தொன்று, திங்கட்கிழமை காலை, டிவிட் என் அறைக்கு வந்தான். "உங்க அக்கா அனுப்பிச்சது போய்ச் சேந்துச்சான்னு தெரியுமாடா?" என்றான். தெரியாது என்றேன். "அப்ப உன்கிட்ட இருக்கற நகல எடுத்துட்டுப் போய் இன்னைக்கே தபால் மேஜையில குடுத்துடு. இவங்க கையில குடுத்தா இன்னைக்கே போட்ட மாதிரி. அக்கா அனுப்பினதுக்கு அந்த விதி இல்ல. ரெண்டும் போனா ஒண்ணும் குடி முழுகாது" என்றான்.

நான் போனேன் அக்கா. கார்பன் நகலை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவன் கையில் தட்டச்சு செய்த கட்டு ஒன்று இருந்தது, ஓரமெல்லாம் நறுக்கினாற்போல. என் கையில் இருந்ததைப் பார்த்தேன். கார்பன் கை பட்டு அப்பியிருந்தது. நீ அடித்த இருபத்திரண்டு பக்கமும் இந்த முப்பத்தெட்டுப் பக்கக் கிறுக்கலும் ஒரே மேஜைக்குப் போய்ச் சேருவதை நினைத்தேன். நல்லதைப் பார்த்து ஒரு நிமிஷம் என்னை மதித்திருப்பார்கள், அடுத்து இது வந்தவுடன் மறுபடியும் அடிக்குறிப்பு எழுதிச் சிரிப்பார்கள் என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது.

சார்ஜெண்ட் பதிவேட்டில் என் பேரைக்கூட எழுதிவிட்டார். "என்ன டப்ஸ், குடுக்கறியா இல்லியா? பின்னால ஆளு நிக்குது" என்றார். "இல்ல சார், எங்கக்கா அனுப்பிட்டாங்க" என்றேன். அவர் பேரை அடித்தார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

விதி எனக்குத் தெரியும். அன்று காலையிலேயே தெரியும். தெரிந்துகொண்டே ஏப்ரலில் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன், ஏதோ உனக்குப் பாடம் சொல்லித் தருகிறவன்போல. பழி உன்மேல் இருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. இரண்டு வருஷம் உன்னைச் சுமக்க வைத்துவிட்டு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். பாடப் போவதை நிறுத்திவிட்டேன் என்று நீ எழுதியபோதுகூட வாயைத் திறக்கவில்லை. கை நடுங்குகிறது என்று எழுதியபோதும் திறக்கவில்லை. மத்திய நீதிமன்றம் உன் தவற்றைத் தாமதத்துக்குக் காரணமாக ஏற்றுக்கொண்டால் நான் வெளியே வரலாம் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடும் என்று பயம். இப்போது போக ஒன்றும் பாக்கியில்லை, அதனால் சொல்கிறேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

உன்னால் இல்லை அக்கா. என்னால்தான்.

ஆல்ட்டன்


கார்டர்ஸ் ஃபெரி
1 மார்ச் 2016, செவ்வாய்

ஆல்ட்டன்,

மூன்று தடவை படித்தேன். முதல் தடவை ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் தடவை, நீ எதிரில் இருந்திருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பேன். பாவி, இரண்டு வருஷம்! நான் ஒவ்வொரு நாளும் எழுந்து பல் தேய்க்கும்போது என் தம்பியை நானே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பல் தேய்த்தேன். அந்தக் கவுண்டர் அம்மாளைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனேன். கடவுளிடம்கூடப் பேச்சை நிறுத்திக்கொண்டேன். எல்லாம் உனக்குத் தெரியும், வாரா வாரம் நானே எழுதியிருக்கிறேன்.

மூன்றாம் தடவை படித்தபோது மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. என் தப்பாக இருந்தவரை, நான் வேறு மாதிரி செய்திருந்தால் நீ வெளியே வந்திருப்பாய் என்று ஒரு நினைப்பு இருந்தது. உன் தப்பென்று ஆன பிறகும், நீ அன்று அதைக் கொடுத்திருந்தால் வெளியே வந்திருப்பாய் என்று அதே நினைப்புதான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தக் காகிதம் நேரத்துக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நூற்றில் மூன்று எடுப்பார்கள் என்று நீயே எழுதினாய். ஒரு வரியில் திருப்பி அனுப்பியிருப்பார்கள். பிறகு மத்திய நீதிமன்றம் கதவைத் திறந்து, உள்ளே என்ன செய்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? என் தப்பென்றாலும் நீ உள்ளே இருக்கிறாய், உன் தப்பென்றாலும் உள்ளே இருக்கிறாய். இது யார் தப்பு என்று கேட்பதற்கு நம் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.

நீ குழந்தையாக இருந்தபோது பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். போன நவம்பரில் சாண்ட்விச் தின்றபோது நான் உன் காதைப் பார்த்திருக்க வேண்டும்.

எல்வுட் கேட்ஸ் ஞாயிறு அன்று காலமானார். உன் கடிதம் வந்த மறுநாள், இன்று காலை அடக்கம். அவர் மகள் என்னிடம் வந்து, "அப்பா கோட்டைத் தனியா எடுத்து வெக்கச் சொல்லிருந்தாரு, கோர்ட்டுக்குப் போட்டுக்கணும்னு. அதையே போட்டு விட்டுட்டோம், தப்பில்லயே?" என்று கேட்டாள். தப்பில்லை என்றேன். ஏழு வருஷத்தில் ஐந்து நீதிமன்றம் ஏறியிருக்கிறோம். அவர் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சொல்வதற்குப் பத்து நிமிஷம் போதும். யாரும் அந்தப் பத்து நிமிஷத்தைத் தரவில்லை.

சனிக்கிழமை வருகிறேன். பார்க்க விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பினால் அங்கேயே வாசலில் உட்காருவேன். உன்னைத் திட்ட வேண்டும், மனசாரத் திட்ட வேண்டும். இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துத் திட்ட வேண்டும். திட்டி முடிப்பதற்குள் காவலர் நேரமாகிவிட்டது என்று எழுப்பினால் மீதியை அடுத்த சனிக்கிழமை வந்து திட்டுகிறேன். அடுத்த சனிக்கிழமையும் நீ அங்கேதான் இருப்பாய். அதற்கடுத்த சனிக்கிழமையும் இருப்பாய்.

அக்கா